ஊறுகாய் ஜாடிக்கு ஒரு பெர்த்

ரங்கூன் போய்வந்த கதையை நான் வாய் ஓயாமல் சொல்லியிருக்கிறேன். என் பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். கப்பல் ஆடியது, பாலக்காட்டுக்காரர் வாந்தி எடுத்தது, ஆற்றுக்குள் நுழைந்ததும் தூரத்தில் தங்கக் கோபுரம் தெரிந்தது எல்லாம் அவர்களுக்குத் தெரியும். எங்கள் கேபினில் நாலு பெர்த் இருந்ததை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. மூன்று பேர் போனோம் என்றால் மூன்று பெர்த் என்று கேட்கிறவர்களே முடிவு செய்துகொள்வார்கள். நானும் திருத்தியதில்லை.

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. கல்கத்தாவில் ஒரு சணல் கம்பெனியில் குமாஸ்தா. பவானிப்பூரில் ஒரு சின்ன வீட்டை மெஸ்ஸாக எடுத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேர் இருந்தோம். பெரியவர் கும்பகோணத்துக்காரர், சர்க்கார் கணக்கு ஆபீசில் இருந்தார். வயது முப்பத்தைந்துதான், ஆனால் எங்களுக்கெல்லாம் தகப்பன் மாதிரி நடந்துகொள்வார். இன்னொருவர் பாலக்காட்டுக்காரர், ரயில்வே ஆபீசில் வேலை. நல்ல மனுஷர், யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார். நான் திருநெல்வேலிப் பக்கம். மூவருக்கும் சேர்த்து ஒரு சமையற்காரர், ஒரு காபி வடிகட்டி, ஒரே ஒரு நல்ல குடை.

ஆபீசில் என் பக்கத்து மேஜைக்காரன் வங்காளி. என் வயதுதான். முதல் வருஷம் எனக்கு மலேரியா வந்து பல்லெல்லாம் கிட்டிப்போய்க் கிடந்தபோது, மெஸ்ஸில் மற்ற இருவரும் ஆபீஸ் போய்விடுவார்கள்; அவன் இரண்டு வாரம் லீவு போட்டுவிட்டு வந்து என் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாங்கள் பேசிக்கொள்வது பாதி இங்கிலீஷ், பாதி வங்காளி. நினைவில் எல்லாம் தமிழாகவே இருக்கிறது, அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

அவன் வீடு பாலிகஞ்சில், ரயில் நிலையத்துக்குப் பின்னால். அந்நாளில் அந்தப் பக்கம் மூங்கில் புதரும் குளமும்தான். அவர்கள் வீட்டுக்கென்றே ஒரு குளம் இருந்தது, அதில் மீன். சித்தப்பா குடும்பமும் அதே வீட்டில் இருந்ததால் பெரிய சமையல், தினம் மீன். ஆனால் அவன் அம்மா விதவை. வங்காளத்தில் விதவைகளுக்கு மீன் கிடையாது, வெங்காயம் கிடையாது, மசூர்ப் பருப்புகூடக் கிடையாது. அவளுக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம். அந்தப் பின்கட்டு அடுப்பில் குளித்து ஈரம் காயாமல் அவள் சமைக்கும் ஒருவேளைச் சாப்பாடு எங்கள் ஊர் மடிச் சமையலைவிடக் கெடுபிடியானது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த அடுப்பில் எனக்கும் சேர்த்துச் சமைப்பாள். வாழைப்பூக் கறி, கசகசா போட்ட உருளைக்கிழங்கு, பாகற்காய் போட்ட ஒரு குழம்பு. நான் பின்கட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவேன். அவள் விசிறிக்கொண்டு எதிரே உட்காருவாள். என் நண்பன் முன்கட்டில் மீன் சாப்பிட்டுவிட்டு, வாய் கொப்பளித்த பிறகுதான் எங்கள் பக்கம் வருவான். நான் அவளை மாஷிமா என்று கூப்பிடுவேன், அங்கே சித்தி முறைக்கு அப்படித்தான். அவள் என்னை பாபா என்பாள், பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல.

அவளுடைய மூத்த மகன் ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் இருந்தான். போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஒருதடவைகூட வரவில்லை. கடிதம் மட்டும் வரும். என் நண்பனுக்கு அண்ணா என்றால் உயிர். ஆறு வருஷத்துக்கு முன்னால் கப்பல் துறையில் கையாட்டி அனுப்பினதையே பேசிக்கொண்டிருப்பான். துர்கா பூஜை லீவில் ரங்கூன் போய் அண்ணாவைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது அவன் யோசனை. மாஷிமா விடவில்லை. ஒரு பிள்ளை தண்ணீருக்கு அந்தப் பக்கம் போனது போதாதா, இன்னொன்றையும் தனியாக அனுப்புவதா என்று அழுதாள். கடைசியில் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"நீ கூடப் போறதா இருந்தா போகட்டும் பாபா. ஒரே அறையில படுத்துக்குங்க. அவன் எழுந்து தண்ணியை எட்டிப் பார்த்தா நீ பிடிச்சு இழு."

நான் போகிறேன் என்றேன். எனக்கும் ஆசைதான். கடலில் நான் அதுவரை கால்கூட நனைத்ததில்லை.

இதுவரை நான் செய்ததில் தப்பு ஒன்றுமில்லை. மெஸ்ஸுக்கு வந்து சந்தோஷம் தாங்காமல் இந்தச் செய்தியைச் சொன்னேன் பாருங்கள், அங்கே ஆரம்பித்தது. இரண்டு நாளில் கும்பகோணத்துக்காரருக்கு ரங்கூன் ஆசை பிடித்துவிட்டது. அவருக்குப் பிடித்தால் பாலக்காட்டுக்காரருக்கும் பிடித்த மாதிரிதான்.

"சமுத்திரம் தாண்டப்படாதுன்னு இருக்கே அண்ணா?" என்றார் பாலக்காட்டுக்காரர்.

"இது என்ன சீமையா? குடாக்கடல் ஓய். ராமேஸ்வரத்துக்குப் படகுல போறதில்லையா? அதைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். ஊருக்கு மட்டும் யாரும் எழுத வேண்டாம்."

மூன்று நாள் பயணத்தைக் கொஞ்சம் நீளம் என்று தாண்டிவிட்டார். சாஸ்திரத்தை அவர் வளைத்த வேகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு வளைகிறவர் இன்னும் கொஞ்சம் வளையமாட்டாரா என்றும் தோன்றியது. நாலு பேராகப் போனால் இன்னும் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கப்பல் கம்பெனியின் ஆபீஸ் எங்கள் ஆபீசுக்கு இரண்டு தெரு தள்ளி. டிக்கெட் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். அங்கே கப்பலின் தட்டுகளை அச்சடித்த படம் ஒன்று கொடுத்தார்கள். கேபின்கள் தீப்பெட்டி தீப்பெட்டியாக வரிசையில் இருந்தன, ஒவ்வொன்றிலும் எண். இரண்டாம் வகுப்பில் பெரும்பாலும் நாலு பெர்த் கேபின், கீழே இரண்டு, மேலே இரண்டு. அதைக் கொண்டுவந்து மெஸ் கூடத்தில் விரித்தேன். காற்றில் பறக்காமல் இருக்க மூலைக்கொரு டம்ளர் வைத்தோம். ஒரு வாரம் அந்தப் படத்தைச் சுற்றியே எங்கள் வாழ்க்கை நடந்தது.

கப்பலின் சமையலறைக்குப் பக்கத்துக் கேபின் கூடாது, மாமிச வாடை வரும். இயந்திரத்துக்குப் பக்கமும் கூடாது, வெக்கை. காற்று வருகிற பக்கம் எது என்று பாலக்காட்டுக்காரர் தன் ஆபீசில் ஒரு வெள்ளைக்காரரைக் கேட்டுக்கொண்டு வந்தார். கடைசியில் நடுவில் ஒரு கேபினைப் பிடித்தோம். பிறகு யாருக்கு எந்தப் பெர்த் என்று பேச்சு வந்தது.

"என் தலைக்கு மேலே இன்னொருத்தன் காலா? நன்னா இருக்கு!" என்றார் கும்பகோணத்துக்காரர்.

என் தலை அவர் தலைக்கு நேர் மேலே வருகிற மாதிரி நான் படுத்துக்கொள்வது என்று தீர்மானமாயிற்று. நான்தான் சின்னவன், ஏறி இறங்குவேன். எதிர்ப்பக்கம் மேலே பாலக்காட்டுக்காரர். கீழே ஒரு பெர்த் மிச்சம். அது என் நண்பனுக்கு என்று சொல்லி, படத்தில் அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்தேன்.

பாலக்காட்டுக்காரர் கும்பகோணத்துக்காரர் முகத்தைப் பார்த்தார்.

"அந்தப் பையன் நல்லவன்தான். இல்லேங்கலே. ஆனா மூணு நாள் ஓய், ஒரே ரூம்ல. அவா மூச்சுலேயே மீன் வாடை வருமே. நாம அங்கேயே சாப்பிடணும், அங்கேயே சந்தியாவந்தனம் பண்ணணும்" என்றார் கும்பகோணத்துக்காரர்.

நான் இதை எதிர்பார்த்து ஒரு பதில் வைத்திருந்தேன். என் நண்பன் மீனை விட்டிருந்தான். எங்களோடு ஒரே கேபினில் வர வேண்டும் என்பதற்காக யாரும் சொல்லாமலே விட்டான். ஆபீசில் வந்து தினம் கணக்குச் சொல்வான்: "இன்னிக்குப் பதினெட்டாவது நாள். ஹில்சா சீசன் வேற. சித்தி என் எதிர்லயே பொரிக்கிறா." வங்காளி ஒருவன் மழைக்காலத்தில் ஹில்சா மீனைத் தொடாமல் இருப்பது என்ன காரியம் என்று அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். அதைச் சொன்னேன்.

"பதினெட்டு நாளா?" கும்பகோணத்துக்காரர் உண்மையாகவே யோசித்தார். "பொறந்ததுலேருந்து உடம்புல ஊறினது பதினெட்டு நாள்ல போயிடுமா?"

"அதானே" என்றார் பாலக்காட்டுக்காரர்.

நான் அப்போது எழுந்து, அப்படியானால் நானும் அவனும் வேறு கேபினில் போகிறோம் என்று சொல்லியிருக்க வேண்டும். படத்தில் இருபது கட்டங்கள் இருந்தன. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அப்போது என் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெண் கும்பகோணத்துக்காரரின் மன்னிக்குத் தங்கை. என்னைப் பற்றி அவர் என்ன எழுதுகிறாரோ அதுதான் அங்கே சான்று. மீன் சாப்பிடுகிறவனோடு ஒரே அறையில் படுத்து, ஒரே இடத்தில் தின்று கடல் தாண்டினான் என்று ஒரு வரி எழுதினால் போதும். அவரும் அதே கடலைத் தாண்டத்தான் போகிறார். ஆனால் எழுதுகிற பேனா அவர் கையில் இருந்தது. நான் பயந்தேன். பயந்தேன் என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் வைக்க எவ்வளவோ முயன்றிருக்கிறேன், கிடைக்கவில்லை.

மிச்சமிருந்த பெர்த்துக்குக் கம்பெனிக்காரர்கள் வேறு யாரையாவது போட்டுவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அதற்கும் கும்பகோணத்துக்காரர் வழி வைத்திருந்தார். கப்பல் தண்ணீரை நாம் குடிக்க முடியாது. இரண்டு கூஜா கங்கைத் தண்ணீர் வேண்டும். புளியோதரை, தயிர்சாதம், சத்துமா, அப்பளம், மாவடு ஜாடி, மடி வேஷ்டிகள் எல்லாம் தரையில் யார் காலிலும் படாமல் இருக்க வேண்டும். நாலு டிக்கெட்டையும் நாமே எடுத்துக்கொண்டு நாலாவது பெர்த்தில் இதையெல்லாம் வைத்துக்கொள்வோம். மேல் பெர்த்தில் வைத்தால் ஜாடி உருண்டு விழும், ஆகவே கீழ்ப் பெர்த். அப்படியே செய்தோம். என் நண்பனுக்கு இல்லாத இடம் மாவடு ஜாடிக்குக் கிடைத்தது. நான்தான் போய் எழுதிவிட்டு வந்தேன்.

அவனிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. டிக்கெட் என்ன ஆயிற்று என்று தினம் கேட்பான். கேட்டிருக்கிறேன், கும்பல் அதிகம், பார்க்கலாம் என்பேன். அவன் அண்ணாவுக்கு எழுதிவிட்டான், இன்ன கப்பலில் வருகிறேன் என்று. பெட்டியும் கட்டிவிட்டான். கப்பல் புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது, ஆபீஸ் மாடிப்படியில் வைத்துச் சொன்னேன். நாலு பேர் கேபின் எல்லாம் போய்விட்டது, மூன்று பேர் கேபின் ஒன்றுதான் கிடைத்தது, அவர்கள் இருவரும் முன்னாலேயே பணம் கட்டிவிட்டார்கள் என்று. சொல்லும்போது அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் டெக்குல வரட்டுமா? மூணு நாள்தானே. பாய் விரிச்சுப் படுத்துக்கறேன்" என்றான்.

அதற்கும் நான் தயாராக இருந்தேன். "மாஷிமா ஒத்துக்குவாங்களா? ஒரே அறைன்னாதானே விடுவேன்னாங்க" என்றேன். அவள் அன்பையே எடுத்து அவன் வழியில் குறுக்கே போட்டேன். இன்றைக்கும் அந்த இடம் வந்தால் எனக்கு முகம் சுடுகிறது.

அவன் கொஞ்ச நேரம் படியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு, "சரி, நீயாவது போய்ப் பாரு. அண்ணா எப்படி இருக்கார்னு எனக்கு வந்து சொல்லு. நான் அடுத்த வருஷம் போறேன்" என்றான். இருபத்தாறு நாள் மீன் சாப்பிடாமல் இருந்திருந்தான். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

புறப்படுகிற அன்று காலை அவன் துறைக்கு வருவான் என்று நான் நினைக்கவே இல்லை. கூலிகள் எங்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு கையில் மூங்கில் கூடையும் இன்னொரு கையில் தகர டப்பாவுமாக ஓடிவந்தான். டப்பா அண்ணாவுக்கு, தேங்காயும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த நாரு உருண்டைகள். கூடை எனக்கு. விடியுமுன் எழுந்து குளித்து மாஷிமா தன் அடுப்பில் செய்தது, நம் பூரி மாதிரி. "லூச்சியும் வறுத்த காயும். ரெண்டு நாள் தாங்கும்னு அம்மா சொன்னா. கப்பல்ல உனக்குச் சாப்பாடு கிடைக்காதேன்னு ரெண்டு நாளா அதே கவலை அவளுக்கு."

கூடையை வாங்கிக்கொண்டு அங்கேயே விடைகொடுத்துவிடலாம் என்று பார்த்தேன். அவன் விடவில்லை. என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பலுக்குப் போட்டிருந்த பலகையில் ஏறிவிட்டான். "அறையைப் பார்த்துட்டு வந்து சொல்லுன்னா அம்மா." நான் பின்னாலேயே ஓடினேன். கேபின் வாசலில் கும்பகோணத்துக்காரர் கூலிக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். என் நண்பன் உள்ளே போய்ப் பெட்டியைக் கீழே வைத்தான். நிமிர்ந்தான்.

கீழ்ப் பெர்த்தில் வெள்ளைத் துண்டு விரித்து, அதன்மேல் மாவடு ஜாடி இருந்தது. பக்கத்தில் இரண்டு கூஜா. அப்பளக் கட்டு. மடித்த வேஷ்டிகள். தூக்குப் பாத்திரங்கள் வரிசையாக. தலைமாட்டில் கம்பெனியின் தலையணைகூட எடுக்கப்படாமல் இருந்தது.

அவன் மேலே ஒரு பக்கம் பார்த்தான், மறுபக்கம் பார்த்தான், கீழே பார்த்தான். எண்ணுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. என் கையிலிருந்து கூடையை வாங்கி, ஜாடியைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, அந்தப் பெர்த்தில் பதவிசாக வைத்தான். டப்பாவையும் வைத்தான்.

"இங்க இடம் இருக்கு" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. சங்கு ஊதியது. அவன் எல்லாருக்கும் நமஸ்காரம் சொல்லிவிட்டு இறங்கிப்போனான். நான் கப்பல் தட்டின் விளிம்புக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். மற்றவர்கள் துறையில் நின்று கைக்குட்டை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் ட்ராம் நிற்கும் பக்கம் நடந்துகொண்டிருந்தான்.

கேபினுக்குத் திரும்பியதும் கும்பகோணத்துக்காரர், "அந்தக் கூடையை அங்கேருந்து எடும் ஓய், நம்ம பதார்த்தத்தோட ஒட்டறது" என்றார். எடுத்து என் பெர்த்தில் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்கவில்லை.

மறுநாள் கடல் ஆட ஆரம்பித்தது. மேல் பெர்த்தில் இருந்த பாலக்காட்டுக்காரருக்கு இறங்கக்கூட நேரமில்லை. படுத்தபடியே தலையை வெளியே நீட்டி, கீழே இருந்த அத்தனை மடிச் சாமான்மீதும் வாந்தி எடுத்துவிட்டார். புளியோதரை போயிற்று, சத்துமா போயிற்று, வேஷ்டிகள் போயின. மாவடு ஜாடி மட்டும் மூடி கெட்டியாக இருந்ததால் தப்பியது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்த இடத்தில் என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அடுத்து நடந்ததை நான் சொல்வதில்லை.

மூன்று பேருக்கும் பசி காதை அடைத்தது. கப்பல் சமையலை நினைத்துப் பார்க்க முடியாது. சாயங்காலம் கும்பகோணத்துக்காரர் தன் பெர்த்தில் எழுந்து உட்கார்ந்து, மேலே என் தலைமாட்டைப் பார்த்தார்.

"அந்த அம்மா விதவைன்னீரே?"

"ஆமாம்."

"தனி அடுப்பா?"

"தனி அடுப்பு. குளிச்சுட்டுத்தான் பண்ணுவா."

"அப்போ சுத்தம்தான். ஆபத்துல தோஷமில்லை. இறக்கும்."

இறக்கினேன். எத்தனை லூச்சி! ஒருவனுக்கென்று அவள் செய்தது மூன்று பேருக்கு வயிறு நிறைந்தது. "தேவலையே, நன்னா பண்ணியிருக்காளே" என்று பாலக்காட்டுக்காரர் புகழ்ந்தார். நானும் சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. இறங்கியது, பசி. அண்ணாவின் டப்பாவை மட்டும் நான் திறக்கவிடவில்லை. அந்தப் பயணத்தில் நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

ரங்கூன் துறையில் அண்ணா வந்து நின்றார். நான் அவரைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் உடனே தெரிந்துகொண்டேன். அதே நெற்றி, அதே மாதிரி கழுத்தை நீட்டிப் பார்க்கும் வழக்கம். கரை போட்ட புது வேஷ்டி கட்டிக்கொண்டு, இறங்குகிற ஒவ்வொருவர் முகத்தையும் தேடிக்கொண்டிருந்தார். தான் வரவில்லை என்று தம்பி எழுதிய கடிதம் எங்கள் கப்பலிலேயே தபால் மூட்டையில் வந்துகொண்டிருந்தது. நான் கடைசி நாள் வரை சொல்லாமல் இழுத்தடித்ததன் பலன் அது.

பக்கத்தில் போய் நான் யார் என்று சொன்னேன். என்னைத் தாண்டிப் பார்த்து, "அவன் எங்கே? பின்னாடி வரானா?" என்று கேட்டார்.

கப்பலில் இடம் கிடைக்கவில்லை என்றேன். இரண்டாவது தடவை சொல்லும்போது பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று எனக்கே ஆச்சரியம்.

மற்ற இருவரும் செட்டியார் விடுதி ஒன்றுக்குப் போய்விட்டார்கள். அண்ணா என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். மர வீட்டின் மாடியில் ஒற்றை அறை. அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் புதுக் கட்டில் ஒன்று. புதுக் கொசுவலை மடிப்புக் கலையாமல் மேலே இருந்தது. அந்தக் கட்டிலில் என்னை உட்காரச் சொன்னார். டப்பாவைத் திறந்து ஒரு நாருவை எடுத்து வாயில் போட்டு மெதுவாக மென்றார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். குளத்துப் படி சரி பண்ணினார்களா, அம்மா ஏகாதசிக்குத் தண்ணீராவது குடிக்கிறாளா, தம்பி இன்னும் தூக்கத்தில் பேசுகிறானா. கொஞ்சம் இளைத்திருந்தார், பேசும்போது நடுநடுவே இருமினார். நான்கு நாளும் சாயங்காலத்தில் அவரோடு இருந்தேன். கிளம்பும்போது அம்மாவுக்கென்று ஒரு அரக்குப் பெட்டி கொடுத்து, அடுத்த பூஜைக்கு நிச்சயம் வருகிறேன் என்று சொல்லச் சொன்னார்.

கல்கத்தா திரும்பியதும் பெட்டியைக் கொடுக்கப் பாலிகஞ்ச் போனேன். என் நண்பன் வாசலுக்கு வந்து என்னை முன்கட்டு அறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தான். தட்டில் இரண்டு சந்தேஷ் இனிப்பும் தண்ணீரும் வந்தன, வெளி மனுஷருக்கு வருவதுபோல. மாஷிமா பூஜையில் இருப்பதாகச் சொன்னான். பத்து நிமிஷத்தில் எழுந்து வந்துவிட்டேன். ஆபீசில் பேசுவான், சிரிப்பான், மை கேட்டால் கொடுப்பான். ஞாயிற்றுக்கிழமை வா என்று மட்டும் சொல்லவில்லை. நானும் போகவில்லை. தை மாதம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. கும்பகோணத்துக்காரர் நல்ல விதமாகவே எழுதியிருந்தார்.

அடுத்த மழைக்காலத்தில் ரங்கூன் மரக் கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. அண்ணா காய்ச்சலில் போய்விட்டார். தகனமும் அங்கேயே ஆகிவிட்டது.

பத்து நாள் கழித்து என் நண்பன் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். தலை மழித்திருந்தான். "அம்மா உன்னைக் கூப்பிடறா" என்றான்.

நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது குளக்கரையில் நான் நின்றுவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று, "அந்தக் கப்பல்ல..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு நாலு வரைக்கும் எண்ணத் தெரியும்" என்றான். "அன்னிக்கே எண்ணிட்டேன். அம்மாகிட்ட நான் சொல்லலை. நீயும் சொல்லாதே. உன்னை விட்டா அவரைப் பார்த்தவங்க எங்களுக்கு வேற யாரும் இல்லை. அவ கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லு, போதும்."

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்க எனக்கு என்ன யோக்யதை?

மாஷிமா பின்கட்டுத் தாழ்வாரத்தில் எனக்குப் பலகை போட்டிருந்தாள். அதே வாழைப்பூக் கறி. அதே விசிறி. அவன் எப்படி இருந்தான், என்ன வேஷ்டி கட்டியிருந்தான், நாருவைத் தின்றானா, எத்தனை தின்றான், நன்றாக இருக்கிறது என்றானா என்று கேட்டாள். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். புதுக் கட்டிலை மட்டும் சொல்லவில்லை. இருமலையும் சொல்லவில்லை. என் நண்பன் சற்றுத் தள்ளித் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, தன் அண்ணாவைப் பற்றி என் வாயிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். சொன்னதையே இன்னொருதடவை சொல்லச் சொன்னாள். அன்றிலிருந்து அவள் இருந்த பதினோரு வருஷமும், பூஜை லீவு வந்தால் எனக்கு அழைப்பு வந்துவிடும். நான் போய் அந்தப் பலகையில் உட்கார்ந்து அதே நாலு நாளைச் சொல்வேன்.

முதல் நாள் நான் சொல்லி முடித்ததும் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

"இவனுக்குத்தான் கொடுத்து வைக்கலை. உனக்காவது அந்தக் கப்பல்ல இடம் கிடைச்சுதே, பாபா" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தேன். என் நண்பன் எழுந்து குளத்துப் பக்கம் போனான்.